செல்போனா, காகித மேப்பா? எது எப்படிக் கைவிடும் என்று பார்த்து எடுங்கள்

பேட்டரி 38 சதவீதம் இருந்தது. கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போனை வெளிப்பைக்குள் போட்டேன். மலைமுகட்டில் காற்று முகத்தில் அறைந்துகொண்டிருந்தது. மூடுபனியில் இருபதடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பத்து நிமிடம் நடந்துவிட்டு மறுபடி எடுத்தால் திரை கறுப்பு. பட்டனை அழுத்திப் பிடித்ததும் காலி பேட்டரியின் படம் ஒன்று வந்து, அதுவும் போய்விட்டது.

கூட வந்த தம்பி, "அண்ணே, மேப் இருக்குல்ல?" என்றான். இருந்தது. பையின் அடியில், வாங்கிய நாள் மடிப்புக்கூடக் கலையாமல். எடுத்துப் பாறைமேல் விரித்து, நாலு மூலைக்கும் கல் வைத்து, இருவரும் குனிந்து பார்த்தோம். அப்போதுதான் உறைத்தது. நாங்கள் எங்கே நிற்கிறோம் என்று மேப் சொல்லாது; நாங்கள்தான் அதில் கண்டுபிடிக்க வேண்டும். எத்தனை ஓடை தாண்டினோம், கடைசியாக எந்தப் பக்கம் திரும்பினோம்? காலையிலிருந்து போன் மேப்பில் நம் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளியைப் பார்த்தே நடந்ததில் இருவருக்குமே ஞாபகம் இல்லை.

ஆளில்லாக் காடு மலைகளில் நடக்கப் போகிறவர் எலக்ட்ரானிக் கருவியா, காகித மேப்பும் காம்பஸுமா என்று கேட்டால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க." தப்பான பதில் இல்லை. ஆனால் அன்று எங்களிடமும் இரண்டும் இருந்தன. அதனால் எது உசத்தி என்று மார்க் போடாமல், எது எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும், எது எப்படிக் கைவிடும் என்று பார்க்கிறேன். எதை எடுப்பது, எதற்கு முதலில் காசு செலவழிப்பது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நீலப் புள்ளிக்குத் தெரிந்தது

ஜிபிஎஸ் பதில் சொல்வது ஒரே கேள்விக்கு: நான் எங்கே இருக்கிறேன்? அதை அசத்தலாகவே சொல்கிறது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் இடைவிடாமல் நேரத்தை அறிவித்துக்கொண்டிருக்கின்றன. நாலு கோள்களின் சிக்னல் கிடைத்தால் போதும். ஒவ்வொன்றும் வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்துக் கருவி தன் இடத்தையும் உயரத்தையும் கணக்குப் போட்டுவிடும். மூன்று போதாதா என்றால், நாலாவது கோள் கருவிக்குள் இருக்கும் மலிவான கடிகாரத்தைத் திருத்துவதற்கு. 2000 மே மாதம் வரை பொதுமக்களுக்கான சிக்னலில் அமெரிக்கா வேண்டுமென்றே பிழையைக் கலந்துவந்தது. நூறு மீட்டர் வரைகூடத் தள்ளிக் காட்டும். இன்று திறந்த வானத்தின் கீழே சாதாரண செல்போனே ஏறத்தாழ ஐந்து மீட்டருக்குள் சொல்லிவிடுகிறது. மூடுபனியில் இதை மேப் வாசிப்பதில் பழம் தின்று கொட்டை போட்டவராலும் செய்ய முடியாது.

டவர் இல்லாத இடத்தில் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்று நம்புகிறவர்கள் இன்னும் நிறைய இருக்கிறார்கள். வேலை செய்யும். போன் செயற்கைக்கோளிடமிருந்து கேட்கிறது, அவ்வளவுதான்; வானத்துக்கு எதையும் அனுப்புவதில்லை. ஃப்ளைட் மோடில் போட்டாலும் புள்ளி விழும். டவர் இல்லாவிட்டால் இரண்டு நஷ்டம். முன்கூட்டியே மேப்பை இறக்கி வைக்காவிட்டால், வெறும் சாம்பல் நிறக் கட்டங்களுக்கு நடுவே புள்ளி மட்டும் மின்னிக்கொண்டிருக்கும். இன்னொன்று, தாமதம். எந்தக் கோள் எங்கே இருக்கிறது என்ற விவரத்தை இணையம் இருந்தால் போன் நொடியில் எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் கோள்களிடமிருந்தே கேட்டு வாங்க வேண்டும்: ஒரு கோளின் பாதை விவரம் வர அரை நிமிடம், எல்லாக் கோள்களின் பட்டியலும் முழுதாக வர பன்னிரண்டரை நிமிடம். அதனால் வண்டியை விட்டு இறங்கிய இடத்திலேயே மேப்பைத் திறந்து, புள்ளி விழுந்ததைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது என் வழக்கம்.

விரித்துப் பார்த்தால் தெரிவது

சரி, எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துவிட்டது. சுற்றி என்ன இருக்கிறது?

இங்கே போன் திணற ஆரம்பிக்கும். கணக்கைப் பாருங்கள். போன் திரை தோராயமாக 7 சென்டிமீட்டர் அகலம், 14 சென்டிமீட்டர் நீளம். 1:50,000 அளவு மேப்பில் 2 சென்டிமீட்டர் என்பது ஒரு கிலோமீட்டர். அதே அளவில் திரையில் தெரிவது மூன்றரைக்கு ஏழு கிலோமீட்டர் நிலம். 60க்கு 80 சென்டிமீட்டர் காகிதத்தில் தெரிவதோ 30க்கு 40 கிலோமீட்டர். திரையில் விரல்களைக் கிள்ளிச் சுருக்கினால் பரப்பு கூடும், ஆனால் சம உயரக் கோடுகள் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைப்பவை; நெருங்க நெருங்கச் சரிவு செங்குத்து) மங்கி, ஓடைகள் மறைந்து, ஊர்ப்பெயர் மட்டும் மிஞ்சும். பெரிதாக்கினால் கோடுகள் வரும், மலை போய்விடும்.

வானம் நல்லபடி இருக்கும்வரை இது பெரிய விஷயமே இல்லை. மதியம் இரண்டு மணிக்கு மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது, போட்டு வைத்த வழியில் போனால் இன்னும் மூன்று மணி நேரம் முகட்டின் மேலேயே நடக்க வேண்டும் என்று வையுங்கள். அப்போது வேண்டியது வேறு வழி. கிழக்குப் பக்கம் இறங்கினால் அந்தப் பள்ளத்தாக்கு எங்கே கொண்டுபோய் விடும்? நடுவில் ஆறு குறுக்கிடுகிறதா, பாலம் உண்டா? இறக்கத்தில் கோடுகள் நெருங்கிக் கறுப்பாகிற இடம் இருக்கிறதா? விரித்த காகிதத்தில் இதையெல்லாம் ஒரே பார்வையில் பார்க்கலாம். போனில் தள்ளித் தள்ளிப் பார்த்து, முந்தைய திரையில் பார்த்ததை மனத்தில் ஒட்டவைத்துக்கொண்டே போக வேண்டும். மழைத்துளி விழுந்த திரையில் அதையும் செய்ய முடியாது. ஈரத்தைத் திரை விரல் என்றே நினைத்துக்கொள்ளும். தானாகப் பெரிதாகும், தானாக ஓடும். கையுறை போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். மேப்பைத் தரையில் விரித்தால் நாலு தலைகள் அதன் மேல் குனியும். "இந்தப் பக்கம் சரிவு குறைச்சல்போல" என்று யாராவது ஒருவர் சொல்வார். போன் ஒருவர் கையில்தான் இருக்கும். மற்ற மூன்று பேரும் அவர் முதுகைப் பார்த்து நடப்பார்கள். அவர் தப்பாகப் போனால் சொல்ல ஆளில்லை.

போனின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. பனிமலைகளில் நடப்பவர்களுக்குச் சரிவின் சாய்வு உயிர் விஷயம்: பனிச்சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் கிளம்புகிறது. நல்ல ஆஃப்லைன் மேப் செயலிகள் அந்தச் சாய்வுகளுக்குத் தனி நிறம் தீட்டிக் காட்டும். காகிதத்தில் அதை அறிய இரண்டு கோடுகளுக்கு நடுவே உள்ள தூரத்தை அளந்து கணக்குப் போட வேண்டும். குளிரில் நின்றுகொண்டு அதை யார் செய்கிறார்கள்?

சத்தம் போட்டுக் கெடுவதும், சத்தமில்லாமல் கெடுவதும்

"பேட்டரி தீர்ந்துபோச்சுன்னா?" என்பதுதான் காகிதக் கட்சிக்காரர்களின் நிரந்தரக் கேள்வி. நியாயமானதுதான், என் 38 சதவீதமே சாட்சி. லித்தியம் அயான் பேட்டரிக்குள் குளிரில் அயனிகள் நகரும் வேகம் குறைந்து, உள்தடை கூடிவிடும். திரையை எரியவிட்டு ஜிபிஎஸ்ஸையும் ஓட்டும் நொடியில் மின்னழுத்தம் சட்டென்று சரியும். போன் பயந்து தன்னை அணைத்துக்கொள்ளும். சார்ஜ் எங்கேயும் போய்விடவில்லை. அன்று போனை உள்சட்டைக்குள் வயிற்றோடு ஒட்டி அரை மணி நேரம் வைத்திருந்தேன். மறுபடி எரிந்தபோது 31 காட்டியது. அதற்குள் நாங்கள் பாறை மறைவில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லி முடித்திருந்தோம். உறைநிலைக்குக் கீழே லித்தியம் அயான் பேட்டரியைச் சார்ஜ் போடவும் கூடாது, உள்ளே நிரந்தரச் சேதம் ஆகும். போனைச் சூடாக்கிவிட்டுத்தான் பவர் பேங்கில் செருக வேண்டும். பவர் பேங்க் மேல் எழுதியிருப்பதையும் அப்படியே நம்ப வேண்டாம்: மாற்றும்போது வீணாவது போக, 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் 4,500 எம்ஏஎச் போனை ஒன்றரை முறை நிரப்பினாலே அதிகம்.

போன் அணைந்தால் அணைந்தது அந்த நொடியே தெரிந்துவிடும். அதன் பெரிய நல்ல குணம் என்று நான் நினைப்பது இதைத்தான். காகிதமும் காம்பஸும் வைத்திருப்பவன் வழி தப்பினால் சத்தமே வராது.

இதையும் பட்டிருக்கிறேன். மேலே சொன்ன சம்பவத்துக்குப் பிறகு எனக்குக் காகிதப் பித்துப் பிடித்திருந்த காலம். போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டு மேப்போடு நடந்தோம். ஒரு ஓடை குறுக்கிட்டது. "இதுதான் மேப்புல இருக்குற ஓடை, இதைத் தாண்டி இடப்பக்கம் ஏறணும்" என்றேன்.

"தண்ணியே இல்லையேண்ணே?"

"கோடை, வத்தியிருக்கும்."

ஏறினோம். மேப்பில் மேற்கே திரும்பும் சரிவு தெற்கே திரும்பியது. கோடு போடும்போது கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும் என்றேன். கணவாய் வர வேண்டிய இடத்தில் ஒரு மொட்டைப் பாறை. இன்னும் கொஞ்சம் மேலே போனால் வரும் என்றேன். ஒவ்வொரு முறையும் நிலம் சொல்வதைத் தள்ளிவிட்டு, ஏற்கெனவே முடிவு செய்ததற்கு ஒரு காரணம் கண்டுபிடித்தேன். ஒன்றேகால் மணி நேரம் கழித்துத் தம்பி வாயே திறக்காமல் தன் போனை எடுத்துக் காட்டினான். நாங்கள் இருக்க வேண்டிய முகட்டுக்குப் பக்கத்து முகட்டில் இருந்தோம். நான் சொன்ன ஓடை மேப்பிலேயே இல்லாத ஒரு சிற்றோடை. உண்மையான ஓடை இன்னும் தள்ளி, தண்ணீரோடுதான் ஓடிக்கொண்டிருந்தது.

நேராகத்தான் போகிறோம் என்ற நினைப்பும் இப்படித்தான் ஏமாற்றும். ஜெர்மனியில் ஆய்வாளர்கள் ஆட்களை ஒரு காட்டுக்குள் விட்டு நேராக நடக்கச் சொல்லி, ஜிபிஎஸ் வைத்துப் பதிவு செய்தார்கள். 2009இல் முடிவு வெளியானது. சூரியன் தெரிந்தபோது நடந்தவர்கள் ஏறத்தாழ நேராகப் போனார்கள். மேகம் மூடிய நாளில் நடந்தவர்கள் வட்டமடித்து, தாங்கள் வந்த தடத்தையே குறுக்கே தாண்டினார்கள், தெரியாமலேயே. கண்ணைக் கட்டி நடக்கவிட்டால் வட்டம் 20 மீட்டர் விட்டத்துக்குள் சுருங்கிய சந்தர்ப்பங்களும் உண்டு. காம்பஸ் கழுத்தில் தொங்கினாலும், அடிக்கடி பார்த்துத் திருத்தாவிட்டால் காடு நம்மைச் சுற்ற விட்டுவிடும்.

போனுக்கும் சத்தமில்லாத பிழைகள் உண்டு. குறுகலான பள்ளத்தாக்கில் சிக்னல் பாறைச் சுவரில் பட்டுத் திரும்பி வரும். சிக்னலின் பயணம் நீண்டதால் கணக்குத் தவறிப் புள்ளி எதிர்க்கரைக்குத் தாவும். உயரக் கணக்கு பொதுவாகவே இடக் கணக்கைவிட மோசம். ஆனால் இவையெல்லாம் சில்லறைப் பிழைகள். பெரிய ஆபத்து, புள்ளி சரியாக இருந்து அதன் கீழே ஓடும் கோடு தப்பாக இருப்பது. பிரிட்டனின் மிக உயரமான மலை பென் நெவிஸ், 1,345 மீட்டர். 2021இல் கூகுள் மேப்ஸ் அதற்குக் காட்டிய வழி உயிருக்கே உலை வைக்கக்கூடியது என்று ஸ்காட்லாந்தின் மலையேற்ற அமைப்புகள் எச்சரித்தன. சிகரத்துக்கு மிக அருகில் இருக்கும் கார் நிறுத்தத்தில் கொண்டுவிட்டு, அங்கிருந்து செங்குத்தான, பாதையற்ற பக்கமாக ஒரு புள்ளிக்கோடு. அமெரிக்காவின் டெத் வேலி பூங்கா நிர்வாகமும் அங்கே ஜிபிஎஸ் வழிகாட்டலை நம்பி வர வேண்டாம் என்று சொல்கிறது. நகரத் தெருவுக்காகச் செய்த செயலியை மலையில் திறக்கக் கூடாது. அதற்குச் சம உயரக் கோடுகள் உள்ள தனிச் செயலி வேண்டும். அதிலும் பல பாதைகள் 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் மாதிரியான தன்னார்வலர் மேப்பிலிருந்து வருபவை. எங்கோ ஒருவர் ஒருமுறை நடந்த தடம் அங்கே பாதையாகத் தெரியலாம்.

காகிதத்துக்கு வயதாகும், அதையும் சொல்லிவிட வேண்டும். ஓரத்தில் சின்ன எழுத்தில் அளவை எடுத்த ஆண்டு அச்சாகியிருக்கும், முதலில் அதைப் பாருங்கள். மலை நகராது, பாலம் அடித்துப்போகும், பாதையைப் புதர் மூடும், பனியாறு பின்வாங்கும். பழைய மேப்பின் கட்டங்கள் வேறொரு புவி அளவை முறைப்படி போடப்பட்டிருந்தால், போன் தரும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை அதில் வைத்துப் பார்க்கையில் நூறு மீட்டரும் அதற்கு மேலும் தள்ளி விழும். ஆபத்தில் உதவி கேட்கும்போது இந்த எண்களில் இன்னொரு குழப்பமும் வரும்: 45.30 என்று சொன்னால் அது 45 டிகிரி 30 நிமிடமா, தசமத்தில் 45.30 டிகிரியா? இரண்டுக்கும் நடுவே பல கிலோமீட்டர்.

காம்பஸ்: சின்ன சாமான், பெரிய கதை

மூடுபனியில் பென் நெவிஸ் உச்சியிலிருந்து இறங்குகிறவர்களுக்கு ஒரு குறிப்பு பல காலமாகச் சொல்லப்படுகிறது. சிகரத்தின் அளவைத்தூணிலிருந்து 231 டிகிரியில் (வடக்கைப் பூஜ்யமாக வைத்து வலமாக எண்ணுவது, அதாவது தென்மேற்கே) 150 மீட்டர் நடக்க வேண்டும். அப்புறம் 282 டிகிரிக்குத் திரும்பிக் கீழே. முதல் கட்டம் ஒழுங்காகப் போகாவிட்டால் வலப்பக்கம் வடக்குச் சுவரின் இடுக்குகள் வாய் பிளந்து நிற்கும். இரண்டாவது கட்டத்தில் இடப்பக்கம் அதிகம் ஒதுங்கினால் ஃபைவ் ஃபிங்கர் கல்லி என்னும் ஆள்விழுங்கி இடுக்கு. கோடையிலும் வெள்ளை மூடி, தரையும் வானமும் ஒன்றாகிவிடும் இடம் அது.

இந்த 150 மீட்டரை இரண்டு விதமாக நடந்து பார்க்கலாம். போனை வைத்து நடந்தால், ஐந்து மீட்டர் பிழையுள்ள புள்ளி நகர்வதைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். மெதுவாக நடக்கையில் புள்ளி தயங்கும், அம்பு எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் சுழலும். திரையைப் பார்க்கும் கண் காலடியைப் பார்க்காது. காம்பஸை வைத்து நடந்தால் அதன் வளையத்தை 231க்குத் திருப்பி வைத்து, ஊசியைச் சிவப்புக் கோட்டுக்குள் நிறுத்தி, நேர் எதிரே தெரியும் ஒரு கல்லைக் குறித்துக்கொண்டு அதை நோக்கி நடப்பது, அங்கிருந்து அடுத்த கல். ஐந்து டிகிரி கை நடுங்கினாலும் 150 மீட்டரில் விலகுவது 13 மீட்டர். தூரத்துக்கு அடி எண்ண வேண்டும். எனக்குச் சமதரையில் நூறு மீட்டருக்கு 64 இரட்டை அடி (ஒரே கால் தரையில் படுவதை மட்டும் எண்ணுவது); ஈரப் பாறையில் 75க்கு மேல் போய்விடும். என்னைக் கேட்டால் கையில் காம்பஸ், 150 மீட்டர் முடிந்ததும் சரிபார்க்கப் போன். அந்த வரிசையில்தான்.

ஒரு டிகிரி பிழை ஒரு கிலோமீட்டரில் 17 மீட்டர் தள்ளிவிடும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காந்த விலக்கம் ஏன் முக்கியம் என்று புரியும். ஊசி காட்டும் வடக்கு வேறு, மேப்பின் வடக்கு வேறு. சில நாடுகளில் வித்தியாசம் ஒரு டிகிரிகூட இராது. சில இடங்களில் 15 டிகிரியைத் தாண்டும். 15 டிகிரியை மறந்தால் ஒரு கிலோமீட்டருக்கு 268 மீட்டர், அதாவது அடுத்த பள்ளத்தாக்கு. அந்த எண்ணும் நிலையாக இருப்பதில்லை. 1831இல் கனடாவின் ஆர்க்டிக் பகுதியில் கண்டறியப்பட்ட வட காந்தத் துருவம் இப்போது சைபீரியாப் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறது. விலக்கத்தைக் கணக்கிட உதவும் உலக காந்த மாதிரியை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை திருத்துகிறார்கள். துருவம் எதிர்பார்த்ததைவிட வேகமாக ஓடியதால் 2019இல் முன்கூட்டியே திருத்த வேண்டி வந்தது. போன் இதைத் தானே பார்த்துக்கொள்ளும். பழைய மேப் ஓரத்தில் அச்சான விலக்கத்தை அப்படியே நம்பக் கூடாது.

பேட்டரி இல்லாவிட்டாலும் காம்பஸும் கெடும். ஒரு பயணத்தில் காலை எட்டு மணி, சூரியன் எதிரே எழுந்து நிற்கிறது, என் காம்பஸ் அதை மேற்கு என்றது. முந்தைய வாரம் முழுக்க அதைப் பையின் ஒரே அறையில் போனோடும், காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் பவர் பேங்கோடும் போட்டு வைத்திருந்தேன். ஊசியின் காந்தம் தலைகீழாகிவிட்டது. வெயில் இல்லாத நாளாக இருந்திருந்தால் அன்று முழுக்க நேர் எதிர்ப்பக்கம் நடந்திருப்பேன். இது அபூர்வம்கூட இல்லை. இப்போதெல்லாம் கிளம்புவதற்கு முன் தெரிந்த திசைக்கு நேரே பிடித்து ஒருமுறை பார்த்துவிடுகிறேன். சில மலைகளில் பாறையே ஊசியை இழுக்கும். ஸ்காட்லாந்தில் ஸ்கை தீவின் கூலின் முகடு அதற்குப் பேர்போனது.

போனுக்குள்ளும் ஒரு காம்பஸ் இருக்கிறதே என்றால், இருக்கிறது. போனைக் காற்றில் எட்டு வடிவில் ஆட்டிச் சரிசெய்யச் சொல்லும், காந்த உறைக்குள் இருந்தால் உளறும். போன் அணைந்தால் அதுவும் அணையும்.

மற்ற கருவிகள்

பொத்தான் வைத்த ஜிபிஎஸ் கைக்கருவிக்கு ஒரு காலத்தில் கிராக்கி இருந்தது, பிறகு போன் வந்து அதைக் கிழட்டுக் கருவியாக்கியது. எனக்கு இன்னும் அதன்மேல் மரியாதை உண்டு. கையுறையோடு அழுத்தலாம், மழை படலாம், கீழே விழலாம். சாதாரண ஏஏ பேட்டரி போடும் ரகமாக இருந்தால் மாற்று செல் இரண்டு போதும். ரீசார்ஜ் ஆகாத லித்தியம் ஏஏ செல்கள் மைனஸ் 40 டிகிரி வரை தாங்கும் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். திரை சின்னது, மேப் பார்க்க லாயக்கில்லை, விலையும் அதிகம். வந்த தடத்தைப் பிடித்துத் திரும்புவதற்கு இதைவிட நம்பகமானது எனக்குத் தெரியாது.

ஜிபிஎஸ் வாட்ச் எல்லோரிடமும் இருக்கிறது. அதிலுள்ள காற்றழுத்த உயரமானியைத்தான் யாரும் சரியாகப் பயன்படுத்துவதில்லை. ஒரே பாதையில் ஏறிக்கொண்டிருக்கிறீர்கள், உயரம் 1,860 மீட்டர் என்கிறது. பாதை 1,860 மீட்டர் கோட்டை வெட்டும் இடம் மேப்பில் ஒன்றுதான் இருக்கும், நீங்கள் நிற்பது அங்கே. பேட்டரிக் கருவியும் காகிதமும் சேர்ந்து வேலை செய்வதற்கு இதைவிட அழகான உதாரணம் கிடையாது. ஒரு எச்சரிக்கை: படுக்கும்போது 2,140 காட்டிய கருவி விடிந்ததும் 2,175 காட்டினால், கூடாரம் இரவோடு இரவாக மேலே ஏறிவிடவில்லை. காற்றழுத்தம் இறங்கியிருக்கிறது, வானிலை கெடப்போகிறது. தெரிந்த உயரத்தில் அவ்வப்போது திருத்தி வைக்க வேண்டும்.

செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் கருவிகளை இந்தப் பட்டியலில் சேர்க்க மாட்டேன். அவை வழி கண்டுபிடிக்க அல்ல, வழி தவறிய பிறகு.

சரி, எதை எடுப்பது?

நான் கேட்டுக்கொள்வது ஒரு கேள்வி: என்னிடம் இருக்கும் இரண்டும் ஒரே காரணத்தால் சாகுமா? இரண்டு போன், ஒரு பவர் பேங்க் என்பது இரண்டு கருவி இல்லை. குளிர் இரண்டையும் சேர்த்தே அணைக்கும். கேபிள் அறுந்தால் இரண்டும் போச்சு. அதேபோல மேப்பும் காம்பஸும் இருந்து, அவற்றை வாசிக்கத் தெரிந்தவர் குழுவில் ஒருவரே என்றால், அவர் கால் பிசகினால் எல்லாம் முடிந்தது.

குறிகள் ஒழுங்காகப் போட்ட பாதையில் ஒருநாள் நடை என்றால், போனே முதன்மைக் கருவி. மனச்சாட்சி உறுத்தாமல் சொல்கிறேன். ஆஃப்லைன் மேப் இறக்கி, ஃப்ளைட் மோடில் போட்டு, நடக்கும் பகுதியை மட்டும் 1:25,000 அளவில் ஒரு தாளில் அச்செடுத்து நெகிழி உறையில் போட்டுக்கொண்டால் போதும். இங்கே ஆயிரம் சதுர கிலோமீட்டர் மேப்பைச் சுமப்பது வேண்டாத வேலை.

பாதையில்லாத இடம், இரண்டு மூன்று நாள் என்றால் காகித மேப் கட்டாயம், அதுவும் கையில். பைக்குள் இல்லை. திட்டமும் திசையும் காகிதத்தில். மணிக்கு ஒருமுறை, அல்லது நிலமும் மேப்பும் முதல் தடவை முரண்படும் அந்த நொடியில், போனைத் திறந்து சரிபார்ப்பது. முதல் தடவை என்பதை அழுத்திச் சொல்கிறேன். நான் மூன்றாவது முரணுக்குப் பிறகும் திறக்கவில்லை. நடை நேரத்துக்கு 1892இல் ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் சொன்ன கணக்கு இன்றும் நல்ல காவல்: மணிக்கு ஐந்து கிலோமீட்டர், 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி. ஓடை வர வேண்டிய நேரத்துக்கு இருபது நிமிடம் முன்னாலேயே ஓடை வந்தால் அது அந்த ஓடை இல்லை. அன்று கடிகாரத்தைப் பார்த்திருந்தாலே தம்பிக்கு வேலை வைத்திருக்க மாட்டேன்.

கடுங்குளிர், ஒரு வாரம், பனி என்றால் ஏஏ செல் போடும் கைக்கருவிக்குக் காசு கொடுக்கலாம். அதற்கு முன்னால் வேண்டாம். காசு கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் முதலில் அடித்தட்டு வைத்த நல்ல காம்பஸ், அடுத்து மேப், மூன்றாவது பவர் பேங்க். வாட்சும் கைக்கருவியும் அதற்குப் பிறகு வரிசையில் நிற்கட்டும்.

மேப் வாசிக்கவே தெரியாது என்றால் நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். தெரியாதவர் கையில் மேப் வெறும் பாரம். அவருக்குப் போனும் பவர் பேங்கும்தான் பத்திரம். ஆனால் தெரியாமலே இருந்துவிட வேண்டியதில்லை. நீலப் புள்ளியை நம்பி நடந்தால் மனத்துக்குள் மேப் உருவாகாமலே போகும் என்பது என் அனுபவம். மாண்ட்ரியலில் கார் ஓட்டுநர்களை வைத்து நடந்த, 2020இல் வெளியான ஓர் ஆய்விலும் ஜிபிஎஸ்ஸை அதிகம் சார்ந்திருந்தவர்களின் இட நினைவாற்றல் மோசமாகவே இருந்தது. வானம் தெளிவாக இருக்கும் நாளில், தெரிந்த மலையில், போனைத் திறக்காமல் மேப்பில் "இங்கே இருக்கிறேன்" என்று விரல் வைத்துவிட்டு அப்புறம் போனில் பாருங்கள். நாலைந்து முறை செய்தால் விரலுக்கும் புள்ளிக்கும் நடுவில் உள்ள தூரம் குறைவது தெரியும். எனக்கு ஆரம்பத்தில் அறுநூறு மீட்டர் வந்தது.

இப்போது போன் என் உள்சட்டைப் பையில், காம்பஸ் அதற்கு நேர் எதிரே வெளிச்சட்டையின் வலப் பையில், மேப் கையில். பவர் பேங்க் தம்பியின் பையில்.